பால்சா விமானத்தில் எடை எங்கே ஏறுகிறது? கேள்வி பதில்

இறக்கை நுனிக்கு நுனி 1 மீட்டர், அகலம் 18 செ.மீ. வைத்து பால்சா என்ற லேசான மரத்தில் முதல் ரேடியோ விமானம் (ரேடியோவில் இயக்கும் மாதிரி விமானம்) கட்டுகிறேன். எவ்வளவு எடை இருக்கலாம்?

பேட்டரியோடு 300 கிராமுக்குள் முடிக்கப் பாருங்கள். இறக்கைப் பரப்பு 18 சதுர டெசிமீட்டர், அதாவது சதுர டெசிமீட்டருக்குச் சுமார் 17 கிராம். மெதுவாக, பதறாமல் பறக்கும். எடை இருமடங்கானால் ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும்) வேகம் 40 சதவீதம் கூடிவிடும். இறக்கும்போதுதான் அதன் கஷ்டம் தெரியும்.

பால்சா எல்லாம் ஒன்றுதானே? கிடைத்ததை வாங்கலாமா?

கூடவே கூடாது. விமானத்தின் எடை பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது. பால்சா கன மீட்டருக்கு 100 கிலோவுக்குக் கீழேயும் வரும், 200 கிலோவுக்கு மேலேயும் வரும். கண்ணால் பார்த்தால் தெரியாது, தராசில் வையுங்கள். 1.5 மி.மீ. தடிமன், 75 மி.மீ. அகலம், 915 மி.மீ. நீளம் உள்ள பலகை 10 கிராம் நின்றால் அது 100 கிலோ ரகம். அதே அளவுப் பலகை 20 கிராமும் நிற்கும். லேசானதை வாலுக்கும் ரிப்புக்கும் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகள்) ஒதுக்குங்கள், கனமானது ஸ்பாருக்கு (இறக்கையின் நீளவாக்கில் ஓடித் தாங்கும் குச்சி) ஆகும்.

அப்புறம், அறுத்த விதத்தையும் பாருங்கள். மேலே மினுமினுப்பாகப் புள்ளி புள்ளியாகத் தெரிகிற பலகை குறுக்கே வளையாது; ரிப்புக்கு அதுதான் சரி. நீளக் கோடுகள் மட்டும் தெரிவது சுலபமாக வளையும், முன்விளிம்பைச் சுற்றி மூட ஏற்றது. மாற்றிப் போட்டால் முன்விளிம்பில் பலகை பிளக்கும்.

இறக்கை மேல்நோக்கி வளைகிறது. ஸ்பாரைத் தடிமனாக்கட்டுமா?

வேண்டாம். மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் நடுவே, ரிப்புகளுக்கு இடையில், 1.5 மி.மீ. பால்சாத் துண்டுகளை நார் செங்குத்தாக நிற்கும்படி ஒட்டுங்கள். சில கிராம்தான் கூடும், இறக்கையோ விறைப்பாகிவிடும்.

எந்தப் பசை?

உப்புத்தாளால் தேய்த்து இணைப்பு சரியாக உட்கார்ந்த பிறகு தண்ணீர்போல் ஓடும் சூப்பர் குளூ ஒரு சொட்டு. எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்து ஒட்டும் பசை) மோட்டாரைப் பொருத்தும் பலகைக்கு மட்டும். இடைவெளியைப் பசையால் அடைத்தால் எடைதான் ஏறும்.

வால் கனத்துவிட்டது. மூக்கில் ஈயம் வைக்கவா?

அது கடைசி வழி. ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 45 செ.மீ. பின்னாலும் மூக்கு 15 செ.மீ. முன்னாலும் இருந்தால், வாலில் கூடிய 5 கிராமுக்கு மூக்கில் 15 கிராம் வேண்டும். மொத்தம் 20 கிராம் வீண்சுமை! முதலில் பேட்டரியையும் சர்வோக்களையும் (திசைமாற்றும் பாகங்களை அசைக்கும் சிறு மோட்டார்கள்) முன்னால் நகர்த்துங்கள். போதாவிட்டால் வாலை முழுப் பலகையாக வைக்காமல் மெல்லிய குச்சிகளால் சட்டமாகக் கட்டுங்கள். உங்கள் இறக்கைக்கு ஈர்ப்பு மையம் முன்விளிம்பிலிருந்து 5 செ.மீ. அளவில் விழ வேண்டும்.

மோட்டார்?

50 முதல் 60 வாட் தாராளம். 7.4 வோல்ட் பேட்டரியில் 8 ஆம்பியர் அளவுதான் இழுக்கும்.

சட்டத்தை மூட, சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டியதும் இறக்கை முறுக்கிக்கொண்டது. வீணா?

இல்லை, சட்டம் நேராக இருந்ததென்றால் சரிசெய்யலாம். முறுக்குக்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் அதிகமாகவே திருகிப் பிடித்து, மேலும் கீழும் மறுபடி சூடுகாட்டி, ஆறும்வரை விடாதீர்கள். பிறகு பின்னாலிருந்து பாருங்கள். இரண்டு நுனிகளும் ஒரே கோணத்தில் தெரியும்வரை பறக்கவிட வேண்டாம்.