காணொளி அவரின் போனில் தூங்கினால்

அக்கா, உங்கள் பிரச்சினை யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்கு மட்டும் உரியதல்ல. விதை வெங்காயம் நடுவதும் களை பிடுங்குவதும் நீங்கள். விவசாயப் பயிற்சி வகுப்புக்குப் போவது உங்கள் கணவர். வட்ஸ்அப்பில் வரும் விவசாயக் காணொளியும் அவரின் போனிலேயே கிடக்கிறது என்கிறீர்கள்.

சரி, யாருக்குக் காட்டுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கிழக்கு உகண்டாவில் 2017 இல் சோளச் செய்கை பற்றிய ஒரு சிறு காணொளியைச் சில வீடுகளில் கணவனுக்கு மட்டும், சிலவற்றில் மனைவிக்கு மட்டும், சிலவற்றில் இருவருக்கும் காட்டிப் பார்த்தார்கள். மனைவிக்கு நேரே காட்டிய வீடுகளில் அவளின் அறிவும் கூடியது, தோட்டத்து முடிவுகளில் அவளின் பங்கும் கூடியது. "அவருக்குச் சொன்னால் வீட்டுக்கு வந்துவிடும்" என்ற நம்பிக்கையை இதை அறிந்த அன்றோடு நான் விட்டேன்.

ஆகவே போனை நம்பாதீர்கள். மாதர் சங்கக் கட்டடத்தில், பின்னேரம் இறைப்பு முடிந்தபிறகு, பத்துப் பேராகச் சேர்ந்து பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு விஷயம் போதும். முதலில், நடுமுன் விதை வெங்காயத்தைப் பங்கசு நாசினியில் (பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்தில்) நனைப்பது எப்படி என்பதையே எடுங்கள். இடையில் நிறுத்தி, உண்மையான வாளியும் வெங்காயமும் வைத்துச் செய்து பாருங்கள் (கையுறை கட்டாயம்). எங்கள் ஊரில் வாளி வந்தபிறகுதான் பெண்கள் வாய் திறந்தார்கள்!

கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரை அன்றைக்கே வரச் சொல்லிக் கேளுங்கள். மருந்தின் அளவைக் காணொளியை நம்பிக் கலக்க வேண்டாம், அவரிடமே கேளுங்கள். தமிழகக் காணொளி என்றால் மருந்துப் பெயர்கள் இங்கே வேறாக இருக்கும்.