வீட்டுச் சோப்பு: கேட்டதும் சொன்னதும்

பொள்ளாச்சியில் பதினோரு வருடமாக அடுப்படிக்குப் பின்னால் சோப்பு ஊற்றிக்கொண்டிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். தோல் வியாதிக்கு மருந்து மட்டும் கேட்காதீர்கள், அதற்கு டாக்டர் இருக்கிறார்.

கோவை: அக்கா, இதுதான் முதல் தடவை. எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?

தராசிலிருந்து. கப், ஸ்பூன் கணக்கெல்லாம் சாம்பாருக்குச் சரி, சோப்புக்கு ஆகாது. ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு வாங்குங்கள்.

எண்ணெயைச் சோப்பாக்கும் காரம்தான் காஸ்டிக் சோடா. ஒவ்வொரு எண்ணெய்க்கும் அது எவ்வளவு என்று கணக்கு உண்டு. தேங்காய் எண்ணெய் ஒரு கிராமுக்கு 0.183 கிராம், நல்லெண்ணெய்க்கு 0.133, விளக்கெண்ணெய்க்கு 0.128. தேங்காய் 300, நல்லெண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50 என்று அரை கிலோ எடுத்தால் மொத்தம் 81.25 கிராம் வரும். அதில் 5 சதவீதத்தைக் குறைத்து 77 போடுங்கள். கொஞ்சம் எண்ணெய் சோப்பாக மாறாமல் மிஞ்சும், கை வறளாது. தண்ணீர் காஸ்டிக்கைப் போல இரண்டு பங்கு, 154 கிராம்.

தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, முகத்தில் தெறிக்கும். கலந்ததும் சூடு 80 டிகிரியைத் தாண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கையுறை போடுங்கள், குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். ஆறியதும் எண்ணெயில் ஊற்றி ஹேண்ட் பிளெண்டரால் விட்டு விட்டு அடியுங்கள். கரண்டியிலிருந்து வழிய விட்டால் கோடு மேலேயே நிற்க வேண்டும். அதுதான் பதம், அச்சில் ஊற்றிவிடலாம். மறுநாள் வெட்டி, காற்றாட நாலு வாரம் காய விடுங்கள்.

சேலம்: அலுமினியப் பாத்திரம் பரவாயில்லையா?

கூடவே கூடாது. முதல் வருடம் வீட்டில் கிடந்த அலுமினியக் கரண்டியால் கலக்கினேன். கரண்டி கறுத்து, சோடா பாட்டில் திறந்த மாதிரி நுரைத்துக்கொண்டு வந்தது. வருவது ஹைட்ரஜன், பக்கத்திலேயே அடுப்பு. எவர்சில்வர் அல்லது சூடு தாங்கும் கெட்டிப் பிளாஸ்டிக்தான். சொன்னேனே, கண்ணாடி போடுங்கள்.

தஞ்சாவூர்: மஞ்சள் பொடி போட்டேன், சோப்பு செம்மண் நிறத்துக்குப் போய்விட்டது. பொடி கலப்படமா?

கலப்படம் இல்லை. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துத்தானே குங்குமம் செய்கிறார்கள்? அதே வேலைதான் இங்கேயும் நடந்திருக்கிறது. காயக் காய நிறம் கொஞ்சம் இறங்கும். செம்பருத்தி, பீட்ரூட்டை நம்பாதீர்கள், இரண்டும் பழுப்பாகிவிடும்.

மதுரை: காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பு செய்வது எப்படி? கெமிக்கல் வேண்டாம்.

செய்ய முடியாது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால்தான் சோப்பு. அளவு சரியாக இருந்தால், காய்ந்த சோப்பில் காஸ்டிக் மிஞ்சாது, எல்லாம் எண்ணெயோடு சேர்ந்து தீர்ந்துவிடும். கடையில் கட்டியாக வாங்கி உருக்கி ஊற்றுகிறீர்களே, அதில் அந்த வேலையை வேறு யாரோ முடித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

திருச்சி: தவறு, அக்கா. உவர்மண்ணில் துணி வெளுத்த ஊர் எங்களுடையது. என் பாட்டி சாம்பலும் இலுப்பை எண்ணெயும் வைத்தே சோப்பு காய்ச்சினார். காஸ்டிக்கைக் கண்ணால் பார்த்ததில்லை.

தம்பி, உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட். துணி அழுக்கை அது எடுக்கும், எண்ணெயைச் சோப்பாக்கும் வலு அதற்குக் கிடையாது. சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட், அதுவும் அப்படித்தான். பாட்டி இன்னொன்றும் சேர்த்திருப்பார். கேட்டுப் பாருங்கள்.

வேலூர்: காஸ்டிக் பயமாக இருக்கிறது, அது இல்லாமல் ஏதாவது வழி...

மதுரைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாகர்கோவில்: ஆட்டுப்பால் சோப்பு ஆரஞ்சு நிறமாகி, நாற்றமும் அடிக்கிறது.

பாலில் உள்ள சர்க்கரை காஸ்டிக் சூட்டில் கருகியிருக்கிறது. பாலை ஐஸ் கட்டியாக உறைய வைத்து, அதன்மேல் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். நாற்றம் காயும்போது போய்விடும்.

ஈரோடு: செய்து விற்கலாமா?

சோப்பு காஸ்மெட்டிக்ஸ் கணக்கில் வருகிறது. விற்பனைக்குச் செய்ய லைசென்ஸ் வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

திருச்சி: அக்கா, பாட்டியிடம் போனில் கேட்டேன். சாம்பல் தண்ணீரில் கிளிஞ்சல் சுண்ணாம்பு போட்டு, ராத்திரி தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுப்பாராம். ஆனால் அது காஸ்டிக் இல்லையே, சுண்ணாம்புதானே?

அதேதான்! சுண்ணாம்பு கார்பனேட்டைப் பிடித்துக்கொண்டு அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் தெளிவு காஸ்டிக் பொட்டாஷ். காஸ்டிக் சோடாவில் சோடியம், இதில் பொட்டாசியம், அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் பாட்டி காஸ்டிக்கைப் பானையிலேயே செய்திருக்கிறார், டப்பாவில் வாங்கவில்லை. பிரான்சில் லெப்லாங்க் என்பவர் 1791-இல் உப்பிலிருந்து சோடியம் கார்பனேட் செய்யக் காப்புரிமை வாங்கும் வரை ஐரோப்பாவிலும் பெரும்பாலும் செடிச் சாம்பல்தான். ஒன்று சொல்லுங்கள், பாட்டியின் சோப்பு கட்டியா, கூழா?

திருச்சி: கூழ். சட்டியில் வைத்துக் கையால் அள்ளுவார்களாம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பொட்டாசியம் சோப்பு இளக்கமாகத்தான் நிற்கும், கட்டியாக வேண்டுமென்றால் சோடியம் வேண்டும். தெளிவு சரியான காரத்தில் இருக்கிறதா என்று பாட்டி எப்படிப் பார்த்தார்? கோழி இறகைப் போட்டால் கரையும் என்பார்கள், முட்டையை மிதக்க விடுவார்கள். அதைக் கேட்டு எழுதுங்கள். நீங்கள் செய்து பார்ப்பதானால் கண்ணாடி...

கடலூர்: கையில் காஸ்டிக் பட்டுவிட்டது, வினிகர் ஊற்றலாமா?

வேண்டாம். குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் காட்டுங்கள், இருபது நிமிடம். அப்புறம் டாக்டர். இதைப் படித்துக்கொண்டு இருக்காதீர்கள், போங்கள்.

திருச்சி: இறகுதானாம், அக்கா. சேவல் இறகு.

அப்படிப் போடுங்கள்!

புதுக்கோட்டை: அக்கா, காஸ்டிக் இல்லாமல் இயற்கை முறையில்...

திருச்சித் தம்பி பதில் சொல்வார். நான் அடுப்பைப் பார்க்கப் போகிறேன்.