கேள்வி–பதில்: சூறாவளியைப் படம் பிடிக்கப் போகலாமா?

கேள்வி: அமெரிக்காவில் சூறாவளியைத் துரத்திப் போய்ப் படம் எடுக்கிறார்கள். அடுத்த முறை நாங்கள் நாலைந்து பொடியன்மார் கடற்கரையில் நின்று எடுக்கலாம் என்று இருக்கிறோம். என்னென்ன சாமான் தேவை?
– கல்லடி வாசகர்

பதில்: தம்பி, முதலில் கடற்கரையை விட்டுவிடுங்கள். அங்கே அதைத் தொழிலாகச் செய்கிறவர்களும் கரையில் நிற்பதில்லை. போகும் இடம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம் என்று முதல் நாளே பார்த்து, கொங்கிறீற் கட்டடம் ஒன்றின் மூன்றாம், நாலாம் மாடியில் இடம் பிடிப்பார்கள். பல மாடி வாகனத் தரிப்பிடங்களை அதிகம் நாடுவது இதனால்தான். மூன்று நாளுக்குத் தண்ணீர், சாப்பாடு, தலைக்கவசம், கண்ணைக் காக்கும் கண்ணாடி எல்லாம் கையோடு இருக்கும். காற்று முற்றாக ஓயும்வரை இறங்கமாட்டார்கள். அவர்கள் பயப்படுவது காற்றைவிடக் கடலுக்கு. 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் சூறாவளிகள் நேரடியாகக் கொன்றவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரைக் கொண்டுபோனது கடலேற்றம், அதாவது காற்று கரைமேல் தள்ளிவிடும் கடல்.

நமது கரைக்கு இது இன்னும் பொருந்தும். மட்டக்களப்பின் எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் திட்டு. வங்கக் கடல் சூறாவளி இடஞ்சுழியாகச் சுற்றும். அது கிழக்கிலிருந்து வந்து ஏறும்போது, கண்ணுக்கு, அதாவது காற்று அடங்கிய அதன் நடு மையத்துக்கு, வடக்கே உள்ள ஊர்களில் காற்று கடலைக் கரைமேல் தள்ளும். கண் தெற்கே கல்முனைப் பக்கம் ஏறினால் கல்லடியில் கடல் ஏறும். வடக்கே வாகரைப் பக்கம் ஏறினால் கல்லடிக்குக் காற்று மேற்கிலிருந்து வரும். அப்போது வாவித் தண்ணீர் பின்பக்கத்தால் ஊருக்குள் வரும். முன்னால் கடலை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு இது தெரியாது. கல்லடி, மண்முனை, பட்டிருப்புப் பாலங்களை நம்பியிருப்பவர்கள் காற்று எழும்புவதற்கு முன்பே கடந்துவிட வேண்டும். பலத்த காற்றில் பாலத்தின் மேல் மோட்டார் சைக்கிள் நிற்காது.

படத்தைவிடப் பெறுமதியான வேலை ஒன்று சொல்கிறோம். பல போன்களில் காற்றழுத்தம் அளக்கும் உணரி இருக்கிறது. அதை ஒரே அறையில், ஒரே மேசையில் வைத்து மணிக்கொரு தரம் எழுதுங்கள்: நேரம், அழுத்தம், காற்றின் திசை. போனை மாடிக்குத் தூக்கிப்போனால் கணக்குப் பிழைக்கும், மூன்று மீற்றர் ஏறினாலே ஏறத்தாழ 0.35 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்து காட்டும். இன்னொன்று: நமது பகுதியில் சாதாரண நாளிலும் காலை பத்து மணியளவில் அழுத்தம் கூடி, மாலை நாலு மணியளவில் ஏறக்குறைய 3 ஹெக்டோபாஸ்கல் இறங்கும். ஆகவே நேற்று இதே நேரத்து அளவோடு ஒப்பிட வேண்டும். அந்த வித்தியாசம் மணிக்கு மணி பெருகினால் மையம் உங்களை நெருங்குகிறது. காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், மையம் உங்கள் இடப்பக்கம் இருக்கும். இதைச் சாளரத்துக்கு உள்ளே நின்றே பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: சூறாவளிக்குள் போகும் விமானம் நமக்கும் வருமா?
– அக்கரைப்பற்று வாசகி

பதில்: வழமையாக வருவதில்லை. 1943 ஜூலை 27இல் ஜோசப் டக்வேர்த் என்ற அமெரிக்க விமானப்படை அதிகாரி டெக்சாஸ் கரையில் ஒரு பயிற்சி விமானத்தைச் சூறாவளியின் கண்ணுக்குள் ஓட்டிப்போனார். அன்று தொடங்கிய வேலை இன்றும் நடக்கிறது. ஏறத்தாழ 3000 மீற்றர் உயரத்தில் கண்ணைக் குறுக்கே கடந்து, சிறு பரசூட் கட்டிய அளவுகருவிகளைக் கீழே போடுகிறார்கள். வங்கக் கடலில் அப்படி ஒழுங்கான பறப்புகள் இல்லை. இங்கே பலத்தைச் செய்மதிப் படத்தில் மேகத்தின் வடிவத்தைப் பார்த்தே பெரும்பாலும் மதிக்கிறார்கள். கரையில் ஒருவர் ஒழுங்காக எழுதிய அழுத்தக் கணக்குக்கு அதனால்தான் அவ்வளவு மதிப்பு.

கேள்வி: 100 கிலோமீற்றர் காற்றைவிட 200 கிலோமீற்றர் காற்று இரண்டு மடங்குதானே சேதம் செய்யும்? கூரைக்கு என்ன செய்யலாம்?
– காரைதீவு வாசகர்

பதில்: இல்லை, வேகம் இரண்டு மடங்கானால் காற்று தள்ளும் அழுத்தம் நாலு மடங்கு. 100 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 48 கிலோ, 200இல் 193 கிலோ. நிமிர்ந்து நிற்கும் ஒரு ஆளின்மேல் அது நூறு கிலோவுக்கு மேல் விழும், யாரும் நிற்கமுடியாது. தகரம் ஒரு சதுர மீற்றர் நாலைந்து கிலோதான் வரும். அதை வீட்டோடு வைத்திருப்பது ஆணியும் கம்பியும் மட்டுமே.

காற்று கூரையை அமுக்குவதைவிட மேலே உறிஞ்சுவதே அதிகம். மூலைகளிலும், தாழ்வார ஓரத்திலும், முகட்டிலும் உறிஞ்சல் கடுமை. அங்கே நடுக்கூரையைவிட நெருக்கமாகக் கொழுக்கி ஆணி போடவேண்டும். வெறும் ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். தகரம் அறைந்த சலாகையைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவரின் மேல் வளையோடும் இரும்புப் பட்டியால் கட்டுங்கள். ஒரு இடத்தில் கட்டு விட்டுப்போனால் மீதி எல்லாம் வீண். காற்றடிக்கும் பக்கத்துக் கதவு உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்தும் தள்ளும், ஆகவே கதவுக்குப் பின்னால் குறுக்குச் சட்டம் போடுங்கள். சாளரத்தைத் திறந்து வைத்தால் வீடு தப்பும் என்பது தவறு.

கேள்வி: 1978இல் காற்று திடீரென்று நின்று, பிறகு மற்றப் பக்கத்தால் அடித்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– வாகரை வாசகர்

பதில்: உண்மை, அதுதான் கண். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய அந்தச் சூறாவளி 900க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. கிழக்கிலிருந்து வரும் சூறாவளியின் கண் நேரே ஊரைக் கடந்தால் முதலில் வடக்கிலிருந்து அடிக்கும், பிறகு அமைதி, பிறகு தெற்கிலிருந்து. கண்ணின் ஓரம் பட்டால் அமைதி சில நிமிடந்தான். நடுவே போனால் ஒரு மணி, இரண்டு மணி நேரமும் நீளும். வானம் வெளித்துவிடுவதும் உண்டு. பிள்ளைகளைத் தேடவும், பறந்த தகரத்தைப் பொறுக்கவும், மாட்டை அவிழ்க்கவும் ஆட்கள் வெளியே வருவது இந்த நேரத்தில். இரண்டாவது காற்று சில நிமிடங்களுக்குள் முழு வேகத்தை எடுக்கும். முதற் காற்றுக்கு ஒரு பக்கம் சாய்ந்து வேர் இளகிய தென்னை இப்போது மறுபக்கம் முறியும். போனில் காற்றழுத்தம் ஏறத் தொடங்கினாலும் வெளியே வரவேண்டாம். ஏறும்போதுதான் மற்றக் காற்று அடிக்கும்.

கேள்வி: வெள்ளம் ஓடும் தெருவில் எவ்வளவு ஆழம்வரை மோட்டார் சைக்கிளில் போகலாம்?
– பொத்துவில் வாசகர்

பதில்: ஓடும் தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம். அரை அடித் தண்ணீர் வேகமாக ஓடினால் ஆளை விழுத்தும். ஒரு அடியில் சிறிய கார் மிதக்கும், இரண்டு அடியில் பெரும்பாலான வாகனங்கள் அடித்துச் செல்லப்படும். பாரமான வாகனம் தாங்கும் என்ற நம்பிக்கையும் சரியில்லை. 2024 நவம்பரில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரமே அள்ளுண்டு போனது. அந்தப் பிள்ளைகளின் இழப்பை நமது பகுதி மறக்காது. மதகு இருக்கும் இடத்தில் தார் அரிக்கப்பட்டுக் குழியாகியிருக்கும், கலங்கல் தண்ணீரில் அது தெரியாது.

தண்ணீர் வடிந்த பிறகும் அறுந்து கிடக்கும் மின்கம்பியைக் கம்பால் தள்ளவேண்டாம். ஈரக் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். பத்து மீற்றருக்கு அப்பால் நின்று மற்றவர்களையும் மறித்து, மின்சார சபைக்கு அறிவியுங்கள். மீட்பு உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இருபத்துநாலு மணிநேரமும் வேலை செய்யும். அழைக்கும்போது ஊர்ப் பெயரோடு கிராம சேவகர் பிரிவையும் சொன்னால் ஆட்கள் வந்துசேர்வது சுலபம்.