அப்பாவை இப்போதே போய்ப் பாருங்கள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி கீமோ கொடுத்துப் பயனில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வெளிநாட்டில் வேலையில் இருக்கிறேன். அண்ணனும் அண்ணியும்தான் அப்பாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். ராத்திரி தூக்கம் வராமல் இணையத்தில் புது மருந்துகளைத் தேடி அண்ணனுக்கு அனுப்புகிறேன். "பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் உனக்குத் தெரியும்" என்று எரிந்து விழுகிறார். அப்பா போனில் "நல்லா இருக்கேம்மா" என்பதோடு முடித்துக்கொள்கிறார். எனக்கு இருக்கும் லீவு கொஞ்சம்தான். இப்போது போனால் கடைசி நேரத்தில் மறுபடி போக முடியாது. ஆனால் அந்த நேரத்துக்காகக் காத்திருப்பதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது. அவர் உயிரோடு இருக்கும்போதே அழுதுகொண்டிருக்கிறேன். நான் என்ன செய்ய?

— தூரத்தில் இருக்கும் மகள்

அன்புள்ள சகோதரிக்கு,

லீவை இப்போதே எடுங்கள். கடைசி நாட்களில் நோயாளிகள் பெரும்பாலும் தூக்கத்திலேயே இருப்பார்கள், பேச்சும் குறைந்துவிடும். அப்பா உங்களை அடையாளம் கண்டு, பேசி, கோபித்துக்கொள்ளக்கூட முடிகிற நாட்கள் இவைதான். காரியத்துக்கு வரவில்லை என்று நாலு பேர் பேசினால் பேசட்டும். டாக்டரிடம் "மாதக் கணக்கா, வாரக் கணக்கா, நாள் கணக்கா?" என்று நேராகவே கேளுங்கள். தேதி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இப்படிக் கேட்டால் ஓரளவு விடை கிடைக்கும், டிக்கெட் போட அது போதும்.

மருந்து தேடுவது உங்கள் அன்புதான், சந்தேகமே இல்லை. தொலைவில் இருந்து வந்து "எல்லாச் சிகிச்சையும் கொடுங்கள்" என்று வற்புறுத்தும் பிள்ளையைப் பற்றி 1991-லேயே அமெரிக்க முதியோர் மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. டாக்டர்களுக்கு அவ்வளவு பழக்கமான விஷயம் இது. அப்பா நாளுக்கு நாள் மெலிவதை அண்ணன் கண்ணெதிரே பார்க்கிறார். நீங்கள் பார்ப்பதோ, உங்களுக்காக அவர் கஷ்டப்பட்டு நிமிர்ந்து உட்காரும் அந்தச் சில நிமிட வீடியோ காலைத்தான். இருவருக்கும் தெரிவது வேறு வேறு அப்பா. மனம் கேட்கவில்லை என்றால் ரிப்போர்ட்டுகளை வாங்கி இன்னொரு புற்றுநோய் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். அவரும் அதையே சொன்னால், தேடுவதை அத்தோடு விட்டுவிடுங்கள்.

1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்ற, குணமாகாத நோயாளிகளைக் கடைசிவரை பராமரிக்கும் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், நோயாளியின் வலி உடம்போடு நிற்பதில்லை, மனக்கவலையும் குடும்பத்தைப் பற்றிய கவலையும் அதில் சேர்ந்தவை என்று வலியுறுத்தியவர். நீங்களும் அண்ணனும் போடும் சண்டை அப்பா காதில் விழாமலா இருக்கும்? அவருக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா? "நல்லா இருக்கேம்மா" என்று அவர் சொல்வது உங்களைக் காப்பாற்றத்தான். "எனக்குத் தெரியும்ப்பா, மறைக்க வேண்டாம். உங்களுக்கு எது பயமா இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வர நேரமாகலாம். பேச விருப்பமில்லை என்றால் அதுவும் அவர் உரிமை.

அப்புறம், அந்த அழுகை. இழப்பதற்கு முன்பே வரும் துக்கம் பலருக்கும் உண்டு. அப்பா சீக்கிரம் போய்விடட்டும் என்று மனம் நினைப்பதாக அதற்கு அர்த்தமில்லை. சில சமயம் "இந்த வேதனை முடிந்தால் போதும்" என்றுகூடத் தோன்றும், அதுவும் பாவமில்லை. ஆனால் தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்து வேலையும் சாப்பாடும் கெட்டால், நீங்கள் இருக்கும் இடத்திலேயே ஒரு மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள்.

திரும்பி வந்த பிறகும் உங்களுக்கு வேலை இருக்கிறது. பில், காப்பீட்டுத் தாள்கள், உறவினர்களுக்குத் தகவல் சொல்வது, இதெல்லாம் தொலைவில் இருந்தே முடியும். ராத்திரி பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸுக்குப் பணம் அனுப்பினால் அண்ணி கொஞ்சம் தூங்குவார். டிக்கெட் போடும் முன் அவரிடம்தான் முதலில் பேசுங்கள். எந்த வாரம் வந்தால் அவருக்கு உதவியாக இருக்கும் என்று கேளுங்கள்.