தேநீர் வரைபடத்தில் போர்ச்சுகல் ஏன் பொருந்தவில்லை?

தேநீரை எந்த நாடு எப்படி அழைக்கிறது என்று காட்டும் பள்ளிக் கண்காட்சி வரைபடத்தில் "கடல்வழி போனது தே, தரைவழி போனது சா" என்று வண்ணம் தீட்டினால் போர்ச்சுகலும் போலந்தும் இடிக்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். இடிக்கத்தான் செய்யும். வழியைவிட, சரக்கு ஏறிய துறைமுகத்தின் பேச்சுமொழிதான் முக்கியம்.

தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியன் கரையில் பேசும் மின்னான் மொழியில் அது 'தே'. 17ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர் அதைக் கொண்டுபோனதால்தான் பிரெஞ்சில் 'தே', ஜெர்மனில் 'டே', ஆங்கிலத்தில் 'டீ'. போர்ச்சுகீசியர் தங்கியதோ 'சா' என்று சொல்லும் கான்டனீஸ் மொழி வழங்கிய சீனத் துறைமுகமான மக்காவ் நகரில்; ஆகவே கப்பலில் போயும் 'ஷா'. தரைவழி போன 'சா' பாரசீகத்தில் 'சாய்' ஆகி இந்தி, ரஷ்யன், துருக்கி வரை பரவியது. அரபியில் 'ச்' ஒலி இல்லாததால் 'ஷாய்'.

போலந்தின் 'ஹெர்பாத்தா'வுக்குத் தனி வண்ணம் வேண்டாம். மூலிகை என்ற லத்தீன் 'ஹெர்பா'வோடு ஒட்டியிருப்பது அதே 'தே'தான். லித்துவேனியாவின் 'அர்பாத்தா'வும் அப்படியே. பர்மாவின் 'லபெ' மட்டும் இரண்டிலும் சேராது, அதைச் சாம்பல் நிறத்தில் விடுங்கள்.

தமிழை 'தே' பக்கம் வையுங்கள். 'தேயிலை' தேனிலிருந்து வந்தது என்று யாராவது மல்லுக்கு நின்றால், தேன்+இலை 'தேனிலை' ஆகும். 'தேயிலை'யில் யகரம் வருவது தே+இலை என்பதால்தான். மலையாளச் 'சாய' எதிர்ப்பக்கம்.