கழுத்து வழியாகச் செய்யும் வலி நீக்கச் சிகிச்சை: கால் விழுந்துவிடுமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 64. இடது நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் விலா எலும்புகளுக்குப் பரவிவிட்டது. நாளொன்றுக்கு 240 மில்லிகிராம் மார்ஃபின் கொடுத்தும் இடப்பக்க வலி அடங்கவில்லை. பாதி நாள் மயக்கத்திலேயே கிடக்கிறார். ‘கார்டாட்டமி’ செய்யலாம் என்கிறார் மருத்துவர். முதுகுத் தண்டில் கை வைத்தால் கால் விழுந்துவிடாதா?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, ஆனால் அந்த ஆபத்து நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரிதன்று. தண்டுவடத்தில் வலியைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகளை மட்டும் துண்டிப்பதுதான் கார்டாட்டமி. வலியையும் சூடு, குளிர் உணர்வையும் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் மறுபக்கம் தாண்டி, அதன் முன்புற ஓரமாக மூளைக்கு ஏறுகின்றன. கை கால்களை அசைக்கும் இழைகளோ சில மில்லிமீட்டர் தள்ளிப் பின்புறமாக இறங்குகின்றன. அந்தச் சிறு இடைவெளியை நம்பித்தான் இந்தச் சிகிச்சையே இருக்கிறது. 1912இல் முதுகைத் திறந்து செய்த இதை, 1960களிலிருந்து ஊசி வழியாகவே செய்கிறார்கள்.

வலி இடப்பக்கம் என்பதால் ஊசி வலப்பக்கக் காதுக்குக் கீழே, முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையே நுழையும். அந்த இடம் மட்டும் மரத்துப்போக மருந்து போட்டு, சி.டி. ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி ஊசியை நகர்த்துவார்கள். உங்கள் தந்தை விழித்திருப்பார், விழித்திருக்கவும் வேண்டும். ஊசிமுனையால் அந்த வலி இழைகளைச் சூடு வைத்துத் துண்டிக்கும் முன் மெல்லிய மின்தூண்டல் கொடுத்து, “எங்கே வெதுவெதுப்பாக இருக்கிறது?” என்று கேட்பார்கள். “இடது விலாவில்” என்று அவர் சொன்னால் முனை சரியான இடத்தில் இருக்கிறது. மாறாகக் கழுத்தோ கையோ துடித்தால் ஊசியை நகர்த்திவிடுவார்கள். பிறகே ரேடியோ அலையால் அந்த முனையைச் சுமார் 80 டிகிரி வரை சூடாக்குவார்கள். காலைத் தூக்கச் சொல்லி இடையிடையே சோதிப்பார்கள். சிலருக்கு வலப்பக்கக் காலில் தளர்ச்சியோ நடையில் தள்ளாட்டமோ வரும். பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ சரியாகிவிடும். நிலையான பலவீனம் அரிது. சில நாள் தலைவலியும் சிறுநீர் கழிப்பதில் சிரமமும் வரலாம்.

உங்கள் தந்தையைப் பொறுத்தவரை, காலைவிட மூச்சைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுவேன். சுவாசத்தை இயக்கும் இழைகளும் அருகிலேயே இறங்குவதால், ஊசி போடும் பக்கத்து நுரையீரலின் உழைப்பு குறையக்கூடும். அவருக்கு அது நல்ல நுரையீரல் உள்ள பக்கம். ஆகவே சுவாசத் திறன் பரிசோதனை செய்யாமல் சம்மதிக்க வேண்டாம். விலா எலும்புக்குக் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்களா என்பதையும் கேளுங்கள். ஒரே தடவை கொடுப்பதிலேயே பலருக்கு எலும்பு வலி தணிகிறது. வலி இருபுறமும் பரவியிருந்தால் கார்டாட்டமி பொருந்தாது. தண்டுவட நீரில் நேரடியாக மார்ஃபின் செலுத்தும் பம்ப்பைப் பற்றி யோசிக்கலாம். வாய்வழி 300 மில்லிகிராம் செய்யும் வேலையை அங்கே ஏறத்தாழ 1 மில்லிகிராம் செய்துவிடும் என்பதால் மயக்கமும் குறையும்.

கார்டாட்டமியின் பலன் பெரும்பாலும் பல மாதங்கள் நிற்கும். காலப்போக்கில் வலி திரும்பலாம், அதுவரை அமுங்கிக் கிடந்த மறுபக்க வலி தலைகாட்டவும் செய்யலாம். அதற்காகக் கடைசிவரை தள்ளிப்போடவும் கூடாது. முக்கால் மணி நேரமாவது அசையாமல் மல்லாந்து படுக்க முடிந்தால்தான் இதைச் செய்ய முடியும். மூச்சுத்திணறலால் படுக்கவே முடியாத நிலையில் அழைத்து வரப்படும் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும்போது மனம் கனத்துப்போகிறது. ரத்தத்தை இளக்கும் மாத்திரைகள் ஏதும் எடுக்கிறாரா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வலி நின்றதும் மார்ஃபினைப் பழைய அளவிலேயே கொடுத்தால் மூச்சு தாழ்ந்துவிடும். ஒரேயடியாக நிறுத்தினாலும் உடல் தாங்காது. மருத்துவர் சொல்லும் அளவுக்குக் குறைத்து, முதல் சில இரவுகள் அருகிலேயே யாராவது விழித்திருங்கள். இடப்பக்க உடலில் சூடு உறைக்காது என்பதால், குளிக்க ஊற்றும் வெந்நீரை முதலில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள்.