அரசு லேப்டாப்பும் குமரி மழையும்: கேள்வி பதில்

மார்த்தாண்டத்தில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 2011 செப்டம்பரில் அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து அந்த இலச்சினை போட்ட மூடிகளைத் திறந்து மூடியே கை பழகிவிட்டது. மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: இடி கேட்டால் சார்ஜரைப் பிளக்கிலிருந்தே உருவிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. சுவிட்ச் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும், மற்ற கம்பிகள் அப்படியே சேர்ந்துதான் இருக்கும்.

கருங்கல், பிளஸ் ஒன் மாணவி: அண்ணா, எப்போதும் சார்ஜில் போட்டே வைக்கலாமா? முழுசா தீர்ந்த பிறகுதான் போடணும் என்று அப்பா சொல்கிறார்.

அப்பா சொல்வது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குப் பொருந்தும், மக்களே. உன்னிடம் இருப்பது லித்தியம் அயான். சுத்தமாகத் தீர்ந்து கிடப்பதும் அதற்கு ஆகாது, 100 சதவீதத்தில் சூட்டோடு கிடப்பதும் ஆகாது. 20க்குக் கீழே விடாதே, 80 வாக்கில் உருவிவிடு. சில மாடல்களில் 80இல் தானாக நிறுத்தும் செட்டிங்கே இருக்கிறது, தேடிப் பார். மெத்தையில் வைத்துப் படம் பார்க்காதே, அடியில் உள்ள காற்று ஓட்டை அடைபட்டுச் சூடாகும்.

இன்னொன்று, இது அப்பாவுக்கு. பிள்ளை கெடுத்துவிடும் என்று பீரோவில் பூட்டி வைக்கிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். வருஷம் கழித்துக் கொண்டுவந்து, "ஒரு நாள்கூட தொடலையே, எப்படிக் கெட்டுது?" என்பார்கள். தொடாததால்தான் கெட்டது. சும்மா கிடந்தாலும் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அடியோடு இறங்கி அப்படியே மாதக்கணக்கில் கிடந்தால் பிறகு சார்ஜ் ஏறாது. பூட்டித்தான் வைக்க வேண்டுமென்றால் பாதி சார்ஜில் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

குளச்சல், ஒரு தாய்: வீடு கடலோரம். யுஎஸ்பி துளை, சார்ஜர் முனை எல்லாம் பச்சை பிடிக்கிறது.

உப்புக்காற்று. உப்பு படிந்த இடம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதில் செம்பு கலந்த பாகம் பச்சை பூக்கும். வேலை முடிந்ததும் துணி போட்டு மூடுவது போதாது, ஜிப் உள்ள பைக்குள் வையுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் அந்தப் பைக்குள் போடுங்கள். கடலைப் பார்த்த ஜன்னலோரம் மேசை வேண்டாம். பிடித்த பச்சையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வைத்துத் துடைக்கலாம், மொபைல் கடைக்காரரிடமே இருக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக் கொண்டுவந்தவரையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

குலசேகரம், பிளஸ் டூ மாணவர்: நேற்று இடி இடிச்சப்ப சார்ஜர் புகைஞ்சுது. லேப்டாப்பும் போச்சா?

உருவச் சொன்னேனே! உங்கள் பக்கம் மலையடிவாரம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் வானம் கறுத்தால் பிளக்கில் எதுவும் இருக்கக் கூடாது. பல நேரம் சார்ஜர் செத்து லேப்டாப் பிழைத்துவிடும். அதே வோல்ட், அதே முனை, ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ உள்ள நண்பனின் சார்ஜரைப் போட்டுப் பார். எழும்பவில்லையென்றால் உள்ளே இருக்கும் மதர்போர்டைப் பார்க்க வேண்டும்.

தக்கலை, இரணியல், கொல்லங்கோடு என்று மூன்று பேர்: அண்ணனின் பழைய அரசு லேப்டாப் ரொம்ப ஸ்லோ.

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான சேமிப்பகம்) போடுங்கள். மெமரி (ரேம்) 2 ஜிபி என்றால் 4 ஆக்குங்கள். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடும், 10க்கு 2025 அக்டோபரோடும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய மெஷினில், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் இலகுவாக ஓடும். அந்தக் காலத்தில் மத்திய அரசு நிறுவனமான சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது, எல்லாரும் முதல் வேலையாக அதை அழித்தார்கள்.

அருமனை, பத்தாம் வகுப்பு மாணவர்: அக்காவின் லேப்டாப் பஸ்ஸில் வரும்போது மழையில் நனைஞ்சுட்டுது. தாத்தா அதை ரப்பர் ஷீட் போடுற புகைப்புரையில் இரண்டு நாள் வச்சார். இப்ப ஆன் பண்ணலாமா?

பண்ணாதே. பேட்டரியும் உள்ளேதான் இருந்ததா? முதலில் அதைச் சொல்.

தாத்தாவின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஈர ஷீட்டே அங்கே காயும்போது இது காயாதா என்று நினைத்திருப்பார். ஈரம் போயிருக்கும், ஆனால் ஈரத்தின் இடத்தில் புகை உட்கார்ந்திருக்கும். விறகுப் புகையில் கரியும் தாரும் மட்டுமல்ல, அசெட்டிக் அமிலமும் உண்டு. ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட் தகரத்தை என்ன செய்யும் என்று தாத்தாவிடமே கேள். போர்டில் உள்ள மெல்லிய செம்புக் கோடுகளுக்கும் அதே கதிதான், கொஞ்சம் மெதுவாக.

இடையில் ஒரு ரப்பர் தோட்டக்காரர், பேச்சிப்பாறை: புகைப்புரையில் 50, 60 டிகிரிதான் சார் இருக்கும். சிப் அதைவிடச் சூட்டில் ஓடுதே. சும்மா பயமுறுத்தாதீங்க.

சிப் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அது 80ஐயும் தாங்கும். சூட்டை நான் குறை சொல்லவில்லை, புகையைச் சொன்னேன். ஆனால் பேட்டரி சிப் அல்ல. 60 டிகிரியில் இரண்டு நாள் கிடந்த லித்தியம் பேட்டரியை நான் திரும்பப் பயன்படுத்த மாட்டேன்.

கிள்ளியூரிலிருந்து இன்னொருவர்: எதுக்கு இவ்வளவு பேச்சு? சம்பா அரிசிக்குள் புதைச்சா போதும். என் போன் அப்படித்தான் பிழைச்சுது.

உங்கள் போன் அரிசியால் பிழைக்கவில்லை, இரண்டு நாள் நீங்கள் அதை ஆன் பண்ணாமல் இருந்ததால் பிழைத்தது. அரிசி இல்லாமல் மேசையில் வைத்திருந்தாலும் பிழைத்திருக்கும். அரிசித் தவிடு துளைக்குள் போனதுதான் மிச்சம்.

அதே தோட்டக்காரர்: அப்போ புகை போடாமல் வெறும் சூட்டில் வைக்கலாம்தானே?

விடமாட்டீர்கள் போல. பேட்டரியைக் கழற்றிவிட்டு, புகையே வராத இளஞ்சூட்டில் என்றால் வைக்கலாம். அதற்கு ஃபேனே போதும். நனைந்தால் செய்ய வேண்டியது இதுதான்: சார்ஜரை உருவு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணை, கழற்ற முடிந்த பேட்டரியைக் கழற்று, திறந்து கூடாரம் மாதிரி கவிழ்த்து வை. உள்ளே தண்ணீர் போனது என்றால் அன்றே கடைக்குக் கொண்டு போ. அருமனைத் தம்பி, நீ அப்படியே எடுத்துக்கொண்டு வா. திறந்து கழுவிப் பார்ப்போம். தாத்தாவைத் திட்டாதே.

திங்கள்சந்தை: லேப்டாப் ஸ்லோவா இருக்கு.

மேலே மூன்று பேருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாகர்கோவில், கல்லூரி மாணவர்: டச்பேட் மேலே தூக்கிட்டு வருது. அழுத்தினா சரியாகுமா?

அழுத்தாதே! அடியில் பேட்டரி உப்பியிருக்கிறது. உடனே அணை, சார்ஜ் போடாதே, பையில் நெருக்கித் திணிக்காதே. குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். இன்றே ஏதாவது சர்வீஸ் கடையில் கொடுத்துக் கழற்று.

களியக்காவிளை: அரசு லேப்டாப்பை எவ்வளவுக்கு எடுப்பீர்கள்?

எடுக்க மாட்டேன்.

குழித்துறை, பிளஸ் ஒன்: புதுசு, ஆனால் ஸ்பீக்கர் வேலை செய்யலை.

வாரண்டி இருக்கும்போது என்னிடம் ஏன் வருகிறாய்? கொடுத்த இடத்திலேயே சொல். ஸ்குரூவைக்கூடத் தொடாதே.

முட்டம்: லேப்டாப் ஸ்லோ, கூடவே மழை நேரத்தில் சார்ஜ் போடலாமா?

முதல் கேள்விக்கு மேலே போங்கள். மழை மட்டும் என்றால் போடலாம். இடி என்றால் உருவுங்கள்.

தேங்காப்பட்டணம், ஒன்பதாம் வகுப்பு: மாமா, அரசு படத்துக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டலாமா?

படத்தை மறைக்காமல் பக்கத்தில் ஒட்டு. அடியில் ஒட்டாதே, காற்று ஓட்டை அங்கேதான் இருக்கிறது.